மூடிய வாயில் தங்கிய வெளிச்சம்

பல் டாக்டர் அம்மாவின் சோதனைப் பேனாவிலிருந்து வந்த சிவப்பு வெளிச்சம் எங்கள் கூத்தனஅள்ளி ஜனங்களின் வாய்க்குள்ளேயே தங்கிப்போனது தை மாதத்தில், அறுத்த கேழ்வரகுக் கதிரைத் தார் ரோட்டில் பரப்பி, பஸ் ஏறி மிதிக்கட்டும் என்று விட்டிருந்த நாட்களில். அதற்கு டாக்டரைக் குறை சொல்ல முடியாது, பேனாவையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்க்காரர்கள் வாயைத் திறந்தால் பட்டென்று மூடிவிடுகிறவர்கள், டாக்டர் பேனாவை வெளியே எடுத்த மறு நொடி, வெளிச்சம் அதன் பின்னாலேயே வெளியே வருவதற்குள், உதட்டைச் சேர்த்துவிட்டார்கள், வெளிச்சம் உள்ளே மாட்டிக்கொண்டது. கதவைச் சாத்திவிட்டால் வீட்டுக்குள் நுழைந்த கோழி வீட்டுக்குள்தான் இருக்கும். இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை, நாங்களும் ஆச்சரியப்படவில்லை.

வாயை மூடுகிற பழக்கம் எங்களுக்குத் தண்ணீரால் வந்தது. எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் பாறையிலிருந்து என்னவோ கரைந்து வருகிறது, அதைக் குடித்து வளர்கிற பிள்ளைக்குப் பால் பல் விழுந்து முளைக்கிற பல் காவியாகத்தான் முளைக்கும், சிலருக்குச் செங்கல் நிறம், சிலருக்குப் புகையிலை நிறம், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதனால் நாங்கள் உதட்டைப் பிரிக்காமல் சிரிப்போம், கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பேசுவோம், கொட்டாவி விட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வோம். பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பாடச் சொல்ல மாட்டார்கள், சிரிக்கச் சொல்வார்கள். பெண் உதட்டைச் சேர்த்து வைத்துச் சிரிப்பாள், வந்தவர்கள் "லட்சணமா இருக்குது" என்று சொல்லி வெற்றிலைத் தட்டைக் கையில் எடுப்பார்கள். உதட்டுக்குப் பின்னால் என்ன நிறம் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் மரியாதை.

அந்த மரியாதையை உடைத்தவன் என் தங்கை புருஷன் திம்மராயன்.

அவன் ஆற்றோரத்து ஊர்க்காரன், ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்து, பச்சரிசி மாதிரி பல்லோடு வந்து, என் தங்கை சென்னம்மாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டிலேயே தங்கிவிட்டவன். ஊரில் வாய் விட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான், சாவு வீட்டில்கூடப் பல் தெரிய நிற்பான். அவன் மகன் மாதேஷுக்கு என் மகள் அலமேலு என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்தது. நிச்சயத்துக்கு ஆற்றோரத்துச் சொந்தக்காரர்களை ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தான். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, "பொண்ணைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லு மச்சான்" என்றான். முறைக்குக் கேட்கிறான் என்று நானும் தலையாட்டினேன். அலமேலு சிரித்தாள். உதட்டைச் சேர்த்து வைத்து அல்ல, மாமன் வீடுதானே என்று நம்பி, பாவம், ஈறு தெரிய, கடைவாய் வரைக்கும் தெரியச் சிரித்தாள். வேனில் வந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். திம்மராயன் முகம் செத்துப்போனது. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "இந்தப் பல்லு எங்க வம்சத்துக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டைத் தொடாமல் போனான். எங்கள் தண்ணீரைக் குடித்து அதே காவிப் பல்லோடு வளர்ந்த மாதேஷும் உதட்டை மூடிக்கொண்டு அவன் பின்னால் போனான். சென்னம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவளும் போனாள். தாயில்லாத பெண்ணை நடுக்கூடத்தில் நிற்க வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து நான் எதிர் வீட்டோடு பேசவில்லை. அவன் நிற்கிற வரிசையில் நிற்பதில்லை, அவன் ஏறின பஸ்ஸில் ஏறுவதில்லை, அவன் வாசல் பக்கம் என் சேவல் போனாலும் பிடித்துக் கட்டிவிடுவேன். மாதேஷ் சேலத்தில் வெள்ளைப் பல் உள்ள ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். அலமேலு வந்த வரன்களையெல்லாம் "வேணாம்பா" என்று சொல்லிவிட்டு, பால் சொசைட்டியில் பால் அளக்கிற வேலையில் சேர்ந்தாள். எந்நேரமும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே இருப்பாள், எதிர் வீட்டைப் பார்த்தால் இன்னும் இறுக்கி மூடிக்கொள்வாள், சில நேரம் தோள் குலுங்கும். அழுகிறாள் என்று நான் எதிர் வீட்டை முறைப்பேன். திம்மராயன் ஊர் முன்னால் நின்று, நான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் சாக வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததில்லை.

அந்த வார்த்தை பல் டாக்டர் வழியாக வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

டாக்டர் பெயர் நிலோபர், சின்னப் பெண், பாதி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு பால் சொசைட்டி கட்டடத்தில் பல் முகாம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பேனா மாதிரி ஒன்று, அதன் நுனியில் சிவப்பு வெளிச்சம், பேனாவிலிருந்து ஒரு வயர் போய்ச் சின்னப் பெட்டியில் சேர்ந்திருந்தது, பெட்டியில் நம்பர் ஓடியது.

"கண்ணுக்குத் தெரியற சொத்தைன்னா அது உள்ள பூந்து ரொம்ப நாள் ஆச்சுன்னு அர்த்தம்," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இந்த லேசர் பல்லுக்கு உள்ள போயிப் பார்க்கும். ஆரம்பிக்கிறப்பவே சொல்லிடும். நம்பர் கம்மியா இருந்தா நல்ல பல்லு. கெட்டுட்டிருந்தா நம்பர் ஏறும், சத்தமும் ஏறும்."

"எங்க பல்லு வெளியிலயே இப்பிடி இருக்குதே, உள்ள போயி எதுக்கும்மா பார்க்கணும்?" என்றான் டீக்கடை பச்சியப்பன், கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு.

"இது தண்ணியால வந்த கறை. கறையும் சொத்தையும் வேற வேற. ஆனா கறை இருந்தா மெஷினுக்கே குழப்பம் வரும், அதான் முதல்ல தேய்ச்சு விட்டுட்டுப் பார்க்கறேன்."

"அப்ப எங்க ஊரு முழுக்கக் குழப்பந்தான்," என்றான் பச்சியப்பன்.

திம்மராயன் வரிசையில் நின்றதால் நான் வரிசையில் நிற்கவில்லை, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முறை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது. அலமேலுவைப் பார்த்து, "நீ போயி உக்காரு" என்றேன்.

"எனக்கு எதுக்குப்பா, பால் வண்டி வர்ற நேரம்."

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தாள். டாக்டர் அவள் பல்லைத் தேய்த்து, காற்றடித்து உலர்த்தி, பேனாவை ஒவ்வொரு பல்லாக வைத்துக்கொண்டே போனாள். பெட்டி வாயே திறக்கவில்லை, நம்பர் கிடந்த இடத்திலேயே கிடந்தது. டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு வெளியிலதான் கறை. உள்ள ஒரு இடத்துலகூட ஆரம்பிக்கலை. காலையிலேர்ந்து இவ்வளவு நல்ல வாய் நான் பார்க்கலை" என்றாள். நான் திம்மராயன் இருக்கிற பக்கம் பார்க்காமலேயே அவனைப் பார்த்தேன்.

அடுத்து அவன் உட்கார்ந்தான், பல் தெரிய, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. பேனா அவன் கீழ்க் கடைவாய்க்குப் போனதும் பெட்டி முனகியது, பிறகு கத்தியது, மலைப்பாதையில் ஏற முடியாத லாரி மாதிரி கத்தியது. "ஐயா, மேல வெள்ளையா இருக்கு, உள்ளுக்குள்ள ஓடிட்டிருக்கு. இப்பவே பண்ணிட்டா சின்ன வேலை" என்றாள் டாக்டர். அதுவரைக்கும் வாயை மூடியே பழக்கமில்லாத திம்மராயன் அன்றைக்குத்தான் வாயை மூடினான், டப்பா மூடுகிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. வீட்டுக்கு வீடு வாசலில் வந்து உட்கார்ந்தவர்கள் பேச ஆரம்பித்ததும், பேசுகிற வாயெல்லாம் சிவப்பாக எரிவது தெரிந்தது, சிலருக்கு ஒரு பொட்டு, சிலருக்கு இரண்டு மூன்று, எந்தப் பல்லில் மெஷின் கத்தியதோ அந்தப் பல்லில். அலமேலுவும் மூடத்தான் மூடினாள், ஆனால் அவள் வாயில் வெளிச்சம் பிடித்துக்கொள்ள ஓர் இடம் கிடைக்கவில்லை, நழுவிப் போய்விட்டது.

விடிவதற்கு முன்னால் சொசைட்டிக்குப் பால் கொண்டுவருகிற பெண்கள் இரண்டு கையிலும் கேனைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்து வழி பார்த்து நடந்தார்கள், அலமேலு அவர்களைப் பேச வைத்து அந்த வெளிச்சத்திலேயே பாலை அளந்தாள், பச்சியப்பன் கடையில் டார்ச் பேட்டரி விற்பனை படுத்துவிட்டது. குறட்டை விடுகிற புருஷனின் வாய் மூடித் திறக்கிறபோதெல்லாம் சுவரில் வெளிச்சம் வந்து வந்து போகிறது, தூக்கம் வரவில்லை என்று பெண்கள் சொன்னார்கள், புருஷன் முகத்தில் துண்டைப் போட்டார்கள். கன்றுக்குட்டிகள் முதலில் மிரண்டன, பிறகு சிவப்பைப் பார்த்தால் தவிடு வருகிறது என்று பழகிக்கொண்டன. கரண்ட் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, ஊரில் கணக்கில் வராத விளக்கு எரிகிறதாமே என்று நாலைந்து பேர் வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டு, வயர் எதுவும் இல்லை என்பதால் மோர் குடித்துவிட்டுப் போனார். "உனக்கு எந்தப் பக்கம்?" "இடது பக்கம், மேல." "எனக்கும் மேலதான், ஆனா சின்னது." இப்படித்தான் குழாயடியில் பேச்சு.

முதலில் அதை எல்லாரும் அசிங்கம் என்றுதான் நினைத்தார்கள். வாயில் வெளிச்சம் இருந்தால் அங்கே கெட ஆரம்பித்திருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறதே. டாக்டர் அடுத்த வாரம் குடைகிற மெஷினோடு வந்தபோது, கீழ்த் தெரு முருவம்மாள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். டாக்டர் கெட்டதைக் குடைந்து எடுத்துவிட்டு சிமெண்ட் வைத்து அடைத்தாள், வெளிச்சம் அணைந்துவிட்டது. முருவம்மாள் வீட்டுக்குப் போய், அன்று ராத்திரி மாட்டுக் கொட்டகையில் கால் தடுக்கி விழுந்தாள். "இருந்தது போச்சே, இருந்தது போச்சே" என்று அழுதாள். அவள் அழுததைக் கேட்ட மற்றவர்கள், நமக்குத்தான் வலிக்கவில்லையே, வலிக்காத பல்லை எதற்குக் குடைய வேண்டும் என்று டாக்டரிடம் போகாமல் நின்றுவிட்டார்கள். வலிக்கிறதுக்கு முன்னாடி பார்க்கத்தானே இந்த மெஷினே என்று டாக்டர் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

அப்புறம்தான் பூசாரி கோடியப்பன் அந்த வார்த்தையைச் சொன்னான். மாசியில் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறும்போது ஒவ்வொரு வருஷமும் காற்று விளக்கை அணைத்துவிடும், பாதி வழியில் இருட்டில் நிற்போம். "காத்து அணைக்காத விளக்கை ஆத்தா நம்ம வாயிலயே வெச்சிட்டா. இந்த வருஷம் வாய் விளக்குக்காரங்க முன்னாடி போகட்டும், வாயைத் திறந்துக்கினே போகணும், மூடக் கூடாது" என்றான். ஒரே நாளில் எல்லாம் தலைகீழானது. வெளிச்சம் உள்ளவர்கள் கையை வாய்க்கு முன்னால் வைப்பதை விட்டுவிட்டார்கள். வெளிச்சம் இல்லாதவர்கள், டாக்டர் மறுபடி பேனாவோடு வரும்போது பிடித்துக்கொள்ளட்டும் என்று வெல்லத்தைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு படுத்தார்கள். பிள்ளைக்குப் பல் விளக்கிவிடாதே என்று மாமியார்கள் சொன்னார்கள். பேட்டரி விற்காத பச்சியப்பனுக்கு மிட்டாய் விற்றது. பெண் கேட்டு வந்தவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, "பொண்ணைக் கொஞ்சம் வாயைத் திறக்கச் சொல்லுங்க" என்று கேட்டார்கள், ஒரு பொட்டாவது தெரிந்தால்தான் தட்டை எடுத்தார்கள்.

ஊரிலேயே பெரிய வெளிச்சம் திம்மராயனுக்குத்தான். வெள்ளைப் பல்லுக்குள் அது நன்றாகத் தெரிந்தது. அவனை முதல் ஆளாக நிறுத்துவதென்று முடிவானது. வரிசை பிரித்தபோது கோடியப்பன் அலமேலுவைப் பார்த்து, "உன் வாயில ஒண்ணுமில்லயேம்மா, நீ பின்னாடி வந்துடு" என்றான். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது.

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பல் கெட்டுப்போய்த் தெரிகிறது என்று ஒரு காலத்தில் அவளை ஒதுக்கினார்கள், பல் கெடவே இல்லை என்று இப்போது ஒதுக்குகிறார்கள். அன்றைக்குச் சண்டை போட எனக்கு ஒரு வார்த்தை இருந்தது, என் பெண் பல் நல்ல பல் என்று. இன்றைக்கு அதைத்தானே அவர்களும் சொல்கிறார்கள்.  கறை இருந்தால் மெஷினுக்கே குழப்பம் வரும் என்று டாக்டர் சொன்னாளே, ஒருவேளை அலமேலுவுக்கும் உள்ளே ஏதாவது இருந்து, மெஷின்தான் ஏமாந்துவிட்டதோ, அவளையும் முன்னால் நிறுத்தலாமோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் நானே என் மகள் பல் கெட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேனே என்று பட்டது, எழுந்து வயலுக்குப் போய்விட்டேன்.

திருவிழா நெருங்க நெருங்க எதிர் வீட்டு வெளிச்சம் ஏறியது. நாங்கள் தின்பது களி, அதை மெல்ல வேண்டியதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்கினால் போதும், அதனால் எங்கள் ஊரில் ஒருவனுக்குப் பல் கெடுவது கடைசி வரைக்கும் அடுத்தவனுக்குத் தெரியாது. ஆனால் திம்மராயன் களியையே தட்டோடு நாய்க்கு வைப்பதை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். வாயை மூடினாலும் அவன் கன்னம் சிவப்பாகத் தெரிந்தது, கண்ணாடி லாந்தர் மாதிரி. தாடை ஒரு பக்கம் உப்பிவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், காற்று பட்டால் நெளிவான். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு நாள் அவன் நெளிவதைப் பார்த்து என் கை என் தாடைக்குப் போனது, அது எதற்குப் போனது என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு சென்னம்மா தெருவைக் கடந்து வந்தாள். அந்த நிச்சயத்துக்குப் பிறகு அவள் என் வாசல் ஏறியது அன்றைக்குத்தான்.

"அலமேலு இல்லயாண்ணா?"

நான் உள்ளே கையைக் காட்டினேன். அலமேலு உள்ளேயிருந்து வந்தாள். "வா அத்தை, உக்காரு."

"உக்கார வரலடி. டாக்டரம்மா நம்பர் உங்கிட்ட இருக்குதாமே. உங்க மாமாவுக்குச் சோறு தண்ணி எறங்கல. சூடு கொதிக்குது. டாக்டருகிட்ட போலாம்னா, திருவிழா முடியட்டும், முன்னாடி நிக்கிறவன் நான், வெளக்கை அணைச்சிக்கினு எப்பிடிப் போறதுன்றாரு. தலை கிறுகிறுன்னு வருதாம். எனக்குப் பயமா இருக்குது."

"அவனை வந்து சொல்லச் சொல்லு," என்றேன்.  "ஊர் முன்னால வந்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லச் சொல்லு. அப்புறம் நம்பரு தர்றோம்."

"அவரு செத்தா நீ எங்கண்ணா போயிக் கேப்ப அந்த வார்த்தையை?" என்றாள் சென்னம்மா.

அலமேலு அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள். டாக்டரிடம் வீக்கம் எந்தப் பக்கம், காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் வேறு ஊர் முகாமில் இருந்தாள், ஒரு மாத்திரை பெயர் சொன்னாள், மறுநாள் காலை முதல் வேலையாக வருவதாகவும், அதற்குள் மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னாள். அலமேலு மாத்திரையை வாங்கிவரச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.  நான் மட்டும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் மாவிளக்கு புறப்பட்டது. பம்பை அடித்தார்கள். வாய் விளக்குக்காரர்கள் வாயைத் திறந்தபடி வரிசையாக வந்தார்கள், தாடை வலிக்க, எச்சில் ஒழுக, மூடாமல் வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் திம்மராயன், ஒரு கை சென்னம்மா தோளில், வாயிலிருந்து வெளிச்சம் தெருப்புழுதியில் வட்டமாக விழுந்தது. வெளிச்சம் இல்லாதவர்கள் பின்னால் வந்தார்கள், அலமேலு கடைசியில். நான் என் வாசலில் நின்றேன், நான் ஊர்வலத்தில் போவதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

என் வாசலுக்கு நேராக வந்ததும் திம்மராயன் நின்றான். அவன் நின்றதால் எல்லாரும் நின்றார்கள், பம்பை நின்றது. அவன் என் பக்கம் திரும்பினான், வெளிச்சம் என் காலில் விழுந்து, வயிற்றில் ஏறி, கண்ணில் அடித்தது. இவ்வளவு தூரம் திறந்தே வைத்திருக்கிற வாயில் ஒன்றையும் அடக்கி வைத்திருக்க முடியாது போலிருக்கிறது.

"மச்சான்," என்றான். வலியில் மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் தெருவே கேட்டது. "உன் பொண்ணு பல்லைப் பத்தி அன்னிக்கு நான் சொன்னது தப்பு. வேன்ல வந்தவங்க முன்னாடி கௌரவத்துக்குச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்க. அலமேலு, நீயும் மன்னிச்சுக்கம்மா."

இதற்குப் பதில் நான் எத்தனையோ வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்தேன், வயலில் தண்ணீர் கட்டும்போதும் படுக்கையில் புரளும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அதைச் சொல்ல நான் உதட்டைப் பிரித்தபோது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலமேலு சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானை வாயில் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காவிப் பல் அத்தனையும் தெரிய, ஜனங்கள் விலகி வழி விட, சிரித்துக்கொண்டே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க? எனக்கு மாதேஷைக் கட்டிக்க இஷ்டமில்ல. வாயால சொன்னா அப்பா அடிப்பாரு. அதான் அவ்வளவு பெருசாச் சிரிச்சேன். வேன்ல வந்த ஆத்தோரத்துக்காரங்க கடைவாய் வரைக்கும் பார்க்கணும்னுதான் சிரிச்சேன். நீங்க எழுந்து போனதும் உள்ள போயி மாரியாத்தாளுக்குக் கற்பூரம் ஏத்தினேன்."

 திறந்த வாய்கள் திறந்தபடியே நின்றன.

"அப்ப இத்தனை நாளும் வாயைப் பொத்திக்கினு அழுதியே," என்றேன்.

"அழுதேனா? உங்க ரெண்டு பேரையும் பார்த்தா சிரிப்பு வரும்பா. நீங்க சேவலைப் புடிச்சிக் கட்டுவீங்க, அவரு நாயைப் புடிச்சிக் கட்டுவாரு. சிரிச்சா திட்டுவீங்கன்னு பொத்திக்கினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தப்பலாம் நீங்க எதிர் வீட்டைப் பார்த்துக்கினு இருந்தீங்க."

நான் திம்மராயனைப் பார்த்தேன், திம்மராயன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறான், ஆனால் அந்த வார்த்தையை அவன் சொன்னதும் நிஜம்தான். என் மகளுக்கு அநியாயம் நடக்கவில்லை, ஆனால் எனக்கு அது நடந்தது, அல்லது எனக்கும் நடக்கவில்லையா. நான் தயார் செய்து வைத்திருந்த பதில் வாய்க்குள் உருண்டது, துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அதற்குள் திம்மராயன் முழங்கால் மடங்கியது. அருகில் இருந்தவன் நான்தான், பிடித்துக்கொண்டேன். அவன் கன்னம் என் தோளில் பட்டுச் சுட்டது. அப்படியே என் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். ஊர்வலம் அவன் இல்லாமல் பாறை ஏறியது. ராத்திரி முழுக்க அலமேலு ஈரத் துணி போட்டாள், சென்னம்மா மாத்திரை கொடுத்தாள், என் வீட்டு ஓட்டுக்கூரையில் அவன் வாய் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

காலையில் நிலோபர் டாக்டர் வந்தாள். சொசைட்டிக்குத் தூக்கிப்போய் உட்கார வைத்தோம். "இவ்வளவு தூரம் விட்டுட்டீங்களே. அன்னைக்கே சொன்னேனே, சின்ன வேலைன்னு" என்றாள். ஊசி போட்டு, சீழை எடுத்து, குடைந்து, மருந்து வைத்தாள். அவன் வலியில் வாயை மூடிவிடாமல் இருக்க யாராவது தாடையைப் பிடிக்க வேண்டும் என்றாள். நான் பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் மங்கி என் விரல்களுக்கு நடுவிலேயே அணைந்தது. அவன் கதியைப் பார்த்த வாய் விளக்குக்காரர்கள் அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள், சிலர் அழுதுகொண்டு, சிலர் அடுத்த வருஷம் விளக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு. அலமேலுதான் திருவிழாவைக் கெடுத்தாள் என்று சொன்னவர்களும் உண்டு, அவள்தான் ஊரைக் காப்பாற்றினாள் என்று சொன்னவர்களும் உண்டு, இரண்டையும் ஒரே ஆள் சொல்லியும் கேட்டேன்.

எல்லாரும் முடிந்ததும் டாக்டர் என்னைப் பார்த்தாள். "ஐயா, நீங்க மட்டும் இன்னும் காட்டலை."

உட்கார்ந்தேன். பேனா உள்ளே போனது. பல் பல்லாக ஊர்ந்தது, பெட்டி எங்கேயோ ஓர் இடத்தில் முனகியது, பிறகு விட்டுவிட்டது, கறையா கெட்டதா என்று அதற்கே தெரியவில்லை போல. "இது ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்" என்று சொல்லி டாக்டர் பேனாவை எடுத்தாள். "மூடிக்கலாம் ஐயா."

நான் மூடவில்லை.

"மூடு மச்சான், ஈ பூந்துடப் போவுது," என்றான் திம்மராயன், மரத்துப்போன கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. சென்னம்மா சிரிப்பை அடக்கினாள், அலமேலு அடக்கவில்லை. உள்ளே போன வெளிச்சம் வெளியே வந்துவிட்டதா, பின்தங்கி எங்கேயாவது நிற்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அது வர எவ்வளவு நேரம் ஆகும் என்று டாக்டருக்கும் தெரியாது. அதனால் கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோகாமல், பல் அத்தனையும் அவன் முன்னால் தெரியும்படி, இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன்.